ஏசாயா பெருஞ்சுருள்: ஒரு சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்தால்

வேதநூல்களை நம்பலாமா என்ற வாதம் எங்கே தொடங்கினாலும் கொஞ்ச நேரத்தில் சாக்கடல் சுவடிகள், அதாவது சாக்கடல் கரைக் குகைகளில் கிடைத்த இரண்டாயிரம் வருடப் பழைய யூதச் சுருள்கள், உள்ளே வந்துவிடும். "ஆயிரம் வருட இடைவெளியில் எழுதிய இரண்டு பிரதிகளை ஒப்பிட்டார்கள், 95 சதவீதம் அச்சு அசலாக இருந்தது" என்பார் ஒருவர். "அதே சுருளில் 2,600 வேறுபாடுகள் இருக்கின்றன, அது தெரியுமா?" என்று கேட்பார் இன்னொருவர். வேடிக்கை என்னவென்றால், இருவரும் பேசுவது ஒரே சுருளைப் பற்றித்தான். இரண்டு எண்களும் ஒன்றையொன்று பொய்யாக்குவதும் இல்லை. எதை வேறுபாடு என்று கணக்கில் எடுக்கிறோம் என்பதைப் பொறுத்து எண் மாறுகிறது, அவ்வளவுதான்.

இந்த ஆய்வு அந்த ஒரு சுருளை நடுவில் வைத்துப் போகிறது. சாக்கடல் கரையில் உள்ள கும்ரானின் முதல் குகையில் கிடைத்த ஏசாயா தீர்க்கதரிசன நூல் அது. அதே குகையில் ஏசாயாவின் இன்னொரு பிரதியும் சிதைந்த நிலையில் கிடைத்தது. குழப்பம் வராமல் இருக்க முதலாவதைப் பெருஞ்சுருள் என்றும் இரண்டாவதைச் சிறுசுருள் என்றும் சொல்கிறேன். என் கணிப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பெருஞ்சுருள் நல்ல சாட்சி, ஆனால் இரு தரப்பும் அதைத் தவறான வழக்குக்குக் கூண்டில் ஏற்றுகின்றன.

1947க்கு முன்னால் கையில் இருந்தது

எபிரேய வேதாகமம் முழுவதும் அடங்கிய பிரதிகளில் காலம் குறிக்கப்பட்ட மிகப் பழையது, செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் இருக்கும் லெனின்கிராட் சுவடி. கி.பி. 1008இல் எழுதியது. அதைவிடப் பழையது அலெப்போ சுவடி, கி.பி. 930 வாக்கில் எழுதியது. ஆனால் 1947 டிசம்பரில் அலெப்போவில் நடந்த கலவரத்துக்குப் பிறகு அதில் பெரும் பகுதி காணாமல் போய்விட்டது. இவை சுமந்து வரும் பாடத்துக்கு, அதாவது நூலின் சொல்வடிவத்துக்கு, மசோரெத்தியப் பாடம் என்று பெயர். ஏசாயா வாழ்ந்ததோ கி.மு. 8ஆம் நூற்றாண்டு. நடுவில் ஆயிரத்து அறுநூறு, எழுநூறு வருட இடைவெளி.

அத்தனை காலத்துப் பிரதிகள் எங்கே போயின? யூத மரபில் பழுதான சுருளை வழிபாட்டில் பயன்படுத்தக் கூடாது. கடவுளின் பெயர் அதில் இருப்பதால் குப்பையிலும் போடக் கூடாது. எனவே ஜெனிசா என்ற அறையில் ஒதுக்கி வைத்து, பிறகு மண்ணில் புதைத்துவிடுவார்கள். பழம்பிரதிகள் அழிந்ததற்கு அலட்சியம் காரணமில்லை, அளவுக்கு மீறிய மரியாதையே காரணம்.

அப்போது ஒப்பிட இருந்த முக்கியமான கருவி, கி.மு. 3ஆம் நூற்றாண்டில் தொடங்கிய கிரேக்க மொழிபெயர்ப்பான செப்துவஜிந்து. அது எபிரேயத்திலிருந்து பல இடங்களில் விலகியது. விலகும் இடத்திலெல்லாம் ஒரே கேள்வி: மொழிபெயர்த்தவர் தன் விருப்பத்துக்கு மாற்றினாரா, இல்லை அவர் கையில் இருந்த எபிரேயப் பிரதியே வேறா? தீர்க்க வழியில்லாமல் இந்தக் கேள்வி நூற்றாண்டுக்கணக்கில் கிடப்பில் கிடந்தது.

கைமாறிய கதை

தாமிரே குலத்து பெதுவின் நாடோடி மேய்ப்பர்கள் 1946 கடைசியிலோ 1947 தொடக்கத்திலோ சாக்கடலின் வடமேற்குக் கரையை ஒட்டிய குகையில் சுருள்களைக் கண்டெடுத்தார்கள். பெத்லெகேமில் இருந்த காந்தோ என்ற வணிகர் வழியாக, எருசலேமில் இருந்த சிரிய ஆர்த்தடாக்ஸ் பேராயர் அத்தனாசியஸ் சாமுவேல் கைக்கு நான்கு சுருள்கள் போயின. விலை 24 பவுண்டு. பெருஞ்சுருள் அந்த நான்கில் ஒன்று. மீதி மூன்றை எபிரேயப் பல்கலைக்கழகத்தின் எலியேசர் சுகேனிக் வாங்கினார், அவற்றில் சிறுசுருள் இருந்தது.

1948 பிப்ரவரியில் எருசலேமில் இருந்த அமெரிக்கத் தொல்லியல் பள்ளியில் ஜான் டிரெவர் பெருஞ்சுருளைப் படம் எடுத்தார். படங்களைப் பார்த்தே தொல்லியல் அறிஞர் வில்லியம் ஆல்பிரைட் அதன் பழமையைச் சொல்லிவிட்டார். அரபு–இஸ்ரேல் போர் வெடித்தது, பேராயர் சுருள்களுடன் அமெரிக்கா போனார். 1954 ஜூன் 1ஆம் தேதி வால் ஸ்ட்ரீட் ஜர்னல் நாளிதழின் விளம்பரப் பகுதியில் நான்கு சாக்கடல் சுருள்கள் விற்பனைக்கு என்று ஒரு சிறு விளம்பரம் வந்தது. இரண்டாயிரம் வருடப் பழைய தீர்க்கதரிசன நூல் பத்திரிகை விளம்பரத்தில் விலைபோனது! சுகேனிக்கின் மகன் யிகேல் யாதின், தான் வாங்குவது வெளியே தெரியாதபடி இடைத்தரகர்களை வைத்து 2,50,000 டாலருக்கு வாங்கினார். இப்போது நான்கும் எருசலேமில் இஸ்ரேல் அருங்காட்சியகத்தில் உள்ளன.

சுருளின் நீளம் சுமார் 7.34 மீட்டர். 17 தோல்களைத் தைத்து இணைத்தது, 54 பத்திகள், அதாவது பக்கம் போல அமைந்த நெடுவரிசைகள், கொண்டது. 66 அதிகாரங்களும் உண்டு. கும்ரானில் கிடைத்த வேதநூல் பிரதிகளில் இவ்வளவு முழுமையாக இருப்பது இது ஒன்றுதான். மற்றவை துண்டுகள், பல உள்ளங்கை அளவுகூட இல்லாதவை.

எழுத்தின் வடிவத்தை வைத்துக் கி.மு. 2ஆம் நூற்றாண்டின் பிற்பாதி என்று கணித்தார்கள். 1990களில் நடந்த கார்பன்-14 சோதனைகள் தந்த வரம்பு அகலமானது என்றாலும் அந்தக் கணிப்புக்கு முரண்படவில்லை. தோலுக்குத்தான் கார்பன் சோதனை வயது சொல்லும், மைக்கு அல்ல என்பது உண்மை. ஆனால் இங்கே எழுத்தமைதியும் தோலின் வயதும் ஒன்றையொன்று தாங்குகின்றன, கிடைத்த இடமும் தெரியும். கிடைத்த இடம் தெரியாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஓர் உதாரணம் போதும். வாஷிங்டனில் உள்ள வேதாகம அருங்காட்சியகம் வாங்கி வைத்திருந்த 16 'சாக்கடல் சுவடித் துண்டுகள்' அத்தனையும் போலி என்று 2020 மார்ச்சில் அறிவிக்கப்பட்டது.

2,600ஐப் பிரித்துப் பார்த்தால்

பெருஞ்சுருளை மசோரெத்தியப் பாடத்தோடு எழுத்து எழுத்தாக ஒப்பிட்டால் 2,600க்கும் மேற்பட்ட வேறுபாடுகள் வருகின்றன. இதைக் கேட்டதும் ஆட்டம் முடிந்தது என்று நினைக்கத் தோன்றும். உள்ளே போய்ப் பார்த்தால் பெரும்பகுதி எழுத்துக்கூட்டல்.

எபிரேயம் அடிப்படையில் மெய்யெழுத்துகளை மட்டும் எழுதும் முறை. உயிரொலியைக் காட்ட வேண்டுமானால் வாவ், யோத், அலெஃப் போன்ற சில எழுத்துகளைத் துணைக்கு வைத்துக்கொள்ளலாம், வைக்காமலும் விடலாம். பெருஞ்சுருளை எழுதியவர்கள் துணை எழுத்துகளைத் தாராளமாகப் போட்டார்கள். 'இல்லை' என்று பொருள்படும் 'லோ' மசோரெத்தியத்தில் பெரும்பாலும் இரண்டெழுத்து, சுருளில் மூன்றெழுத்து. 'ஏனெனில்' என்று வரும் 'கீ'யும் அப்படியே. இந்தச் சொற்கள் எத்தனை முறை வருகின்றனவோ அத்தனை முறையும் கணக்கில் ஒன்று கூடும். பொருளில் ஒரு மாற்றமும் இல்லை.

இதில் இன்னொன்றும் தெரிகிறது. மொழியியலாளர் எசெகியேல் குட்சர் இந்தச் சுருளின் மொழியை முழுதாக ஆராய்ந்து, எழுதியவர் தன் காலத்து வாசகருக்குப் புரியும்படி பழைய எபிரேயத்தைச் சற்று எளிமையாக்கியிருக்கிறார், அரமேய வழக்கும் உள்ளே நுழைந்திருக்கிறது என்று காட்டினார். அதாவது, எழுத்தளவில் பார்த்தால், ஆயிரம் வருடம் பிந்திய லெனின்கிராட் சுவடிதான் பழைய வடிவத்தை நன்றாகக் காத்திருக்கிறது. வயதில் மூத்த பிரதியே மூலத்துக்கு நெருக்கமானது என்று எடுத்துக்கொள்ள முடியாது. சுவடி பதிப்பவர்கள் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி இது, ஆனாலும் வாதம் சூடாகும்போது முதலில் மறந்துபோவதும் இதுதான். உறவுமுறையில் சொன்னால், மசோரெத்தியப் பாடத்துக்குப் பெருஞ்சுருள் தாத்தா இல்லை, சித்தப்பா. சித்தப்பா முகம் ஒத்திருக்கிறதா என்று பார்த்து வம்சாவளியைத் தீர்மானிக்கும் வேலையைத்தான் '95 சதவீத' வாதம் செய்கிறது.

எழுத்துக்கூட்டலைக் கழித்த பிறகு மிஞ்சுபவை கவனத்துக்குரியவை. 6ஆம் அதிகாரத்தில் சேராபீன்கள் என்ற தேவதூதர்கள் பாடும் 'பரிசுத்தர், பரிசுத்தர், பரிசுத்தர்' சுருளில் இரண்டே முறைதான் வருகிறது. 2ஆம் அதிகாரத்தில் 9ஆம் வசனத்தின் பின்பாதியும் 10ஆம் வசனமும் இல்லவே இல்லை. 3ஆம் அதிகாரம் 17ஆம் வசனத்தில் 'அதோனாய்' (ஆண்டவர்) என்று எழுதிவிட்டு, அதன்கீழ்ப் புள்ளிகள் இட்டு நீக்கி, மேலே கடவுளின் நான்கெழுத்துப் பெயரை எழுதியிருக்கிறார்கள். ஒருவர் சொல்ல இன்னொருவர் எழுதியிருந்தாலோ, வாய்க்குள் படித்துக்கொண்டே எழுதியிருந்தாலோ இந்த மாதிரிப் பிழை வரும். அந்தப் பெயரை வாயால் சொல்லும்போது அதோனாய் என்றுதான் சொல்வார்கள்.

40ஆம் அதிகாரத்தின் ஓரம்

ஒரே ஓர் இடத்தை மட்டும் பார்க்க நேரம் இருக்கிறது என்றால் 40ஆம் அதிகாரத்தின் 7, 8ஆம் வசனங்களைத்தான் காட்டுவேன். புல் உலரும், பூ உதிரும், நம் தேவனுடைய வசனமோ என்றென்றைக்கும் நிற்கும் என்று வரும் இடம்.

மசோரெத்தியத்தில் 'புல் உலர்ந்து பூ உதிரும்' என்ற வரி இரண்டு தடவை வருகிறது. முதல் தடவைக்குப் பின்னால் கர்த்தரின் மூச்சு அதன்மேல் ஊதுகிறது, மக்களே புல் என்ற விளக்கம். பிறகு அதே வரி மறுபடி, அதன்பின் 'தேவ வசனம் நிற்கும்'. பெருஞ்சுருளை முதலில் எழுதியவர் 'புல் உலர்ந்து பூ உதிரும்' என்று ஒரு தடவை எழுதிவிட்டு நேராக 'தேவ வசனம் நிற்கும்' என்பதற்குப் போய்விட்டார். பின்னால் வேறொருவர், வேறு கையெழுத்தில், விடுபட்டதை வரிகளுக்கு இடையே நெருக்கி எழுதத் தொடங்கி, இடம் போதாமல் ஓரத்தில் கீழ்நோக்கி இறக்கியிருக்கிறார். அந்தச் சேர்க்கையில் கடவுளின் பெயர் வரும் இடத்தில் எழுத்துகளுக்குப் பதிலாக நான்கு புள்ளிகள்.

தேவ வசனம் நிலைத்து நிற்கும் என்று சொல்லும் வசனமே பாதி விடுபட்டு ஓரத்தில் ஒட்டப்பட்டிருக்கிறது என்று கேலி செய்பவர்கள் உண்டு. கேலிக்கு நல்ல தீனிதான். ஆனால் என்ன நடந்தது என்று கேட்டால் இரண்டு விடைகள் சாத்தியம். ஒரே சொற்றொடர் இரண்டு முறை வந்தால் படியெடுப்பவரின் கண் முதலாவதிலிருந்து இரண்டாவதற்குத் தாவிவிடும். உலகத்தில் சுவடி எழுதிய எல்லா மொழியிலும் உள்ள பிழை இது. இதுதான் நடந்தது என்றால் விஷயம் எளிது, பின்னால் வந்தவர் திருத்திவிட்டார். ஆனால் கிரேக்க மொழிபெயர்ப்பிலும் இதே குறும்பாடம்தான் இருக்கிறது. அப்படியானால் குறும்பாடமே பழையதாக இருந்து, 'மக்களே புல்' என்ற விளக்கம் யாரோ ஒரு வாசகர் சேர்த்த குறிப்பாக இருந்து, பிறகு பாடத்துக்குள் வந்திருக்கலாம். அல்லது ஒரே கண் தாவல் இரண்டு இடங்களில் தனித்தனியாக நடந்திருக்கலாம். அறிஞர்கள் இரு பக்கமும் இருக்கிறார்கள். எனக்குக் கண் தாவல்தான் நம்பும்படி இருக்கிறது, ஆனால் மறுபக்கத்தைத் தள்ளிவிட முடியாது.

எப்படி ஆனாலும் ஒன்று உறுதி. கும்ரான் சுருள்களின் காலத்தில் இரண்டு பாடங்களும் புழக்கத்தில் இருந்தன, ஒருவர் கையில் இருந்த சுருளை இன்னொரு பிரதியோடு ஒப்பிட்டுத் திருத்தும் பழக்கமும் இருந்தது.

ஒளியைக் கண்டவர்

53ஆம் அதிகாரம் பாடுபடும் ஊழியரைப் பற்றியது. கிறிஸ்தவர்கள் அதை இயேசுவைப் பற்றிய முன்னறிவிப்பாக வாசிக்கிறார்கள், யூத மரபில் பெரும்பாலும் இஸ்ரவேல் மக்களைக் குறிப்பதாக வாசிக்கிறார்கள். 11ஆம் வசனத்தில் மசோரெத்தியப் பாடம் 'அவர் தம் ஆத்தும வருத்தத்திலிருந்து காண்பார், திருப்தியாவார்' என்று போகிறது. எதைக் காண்பார்? சொல்லவில்லை. தமிழின் பழைய மொழிபெயர்ப்பு 'பலனைக் கண்டு' என்று ஒரு சொல்லைக் கொடுத்து நிரப்பிக்கொண்டது. கிரேக்கத்தில் மட்டும் 'ஒளி' என்ற சொல் இருந்தது. மொழிபெயர்ப்பாளர் சேர்த்தது என்றுதான் பலர் நினைத்திருப்பார்கள்.

பெருஞ்சுருளில் 'ஒளியைக் காண்பார்' என்று இருக்கிறது. சிறுசுருளிலும் இருக்கிறது. நான்காம் குகையில் கிடைத்த இன்னொரு ஏசாயா பிரதியிலும் இருக்கிறது. சிறுசுருள் மற்ற இடங்களில் மசோரெத்தியத்துக்கு மிக நெருக்கமாகப் போவது. அதுவே இங்கே விலகி நிற்பதால் சாட்சியின் எடை கூடுகிறது. இன்று பல மொழிபெயர்ப்புகள் 'ஒளி' என்ற பாடத்தை ஏற்றுக்கொண்டு அடிக்குறிப்பில் சொல்கின்றன. மசோரெத்திய மரபில் எங்கோ ஒரு கட்டத்தில் ஒரு சொல் நழுவியிருக்கிறது என்பதே இதற்கு எளிய விளக்கம்.

இது எந்தக் கோட்பாட்டையும் கவிழ்க்கவில்லை. ஆனால் ஒரு புள்ளி மாறவில்லை, ஓர் உறுப்பு மாறவில்லை என்று மேடையில் முழங்குபவர்கள் இந்த வசனத்தைத் தாண்டிப் போக முடியாது.

21ஆம் அதிகாரம் 8ஆம் வசனமும் இதே ரகம், ஆனால் இன்னும் எளிது. காவற்கோபுரத்தில் நிற்பவன் கூப்பிடும் இடத்தில் மசோரெத்தியத்தில் திடீரென்று ஒரு சிங்கம் வருகிறது. பெருஞ்சுருளில் அந்த இடத்தில் 'பார்ப்பவன்' அதாவது காவலன். எபிரேயத்தில் இரண்டும் கிட்டத்தட்ட அதே எழுத்துகள், வரிசைதான் மாறியிருக்கிறது. சிங்கம் வெளியே போனதும் வாக்கியம் சரியாகிவிடுகிறது.

இப்படிப்பட்ட கவர்ச்சி ஆபத்தானதும்கூட. 1952இல் வெளிவந்த ஆங்கில வேதாகமத் திருத்தப் பதிப்பு பெருஞ்சுருளை ஆதாரமாக வைத்து ஏசாயாவில் 13 இடங்களில் பாடத்தை மாற்றியது. சுருளைப் பதிப்பித்தவர்களில் ஒருவரும் அந்தப் பதிப்பின் மொழிபெயர்ப்புக் குழுவில் இருந்தவருமான மில்லர் பர்ரோஸ், அவற்றில் சிலவற்றில் மசோரெத்தியத்தையே விட்டிருக்க வேண்டும் என்று சில வருடங்களிலேயே வெளிப்படையாகச் சொன்னார்.

எழுதியவர் ஒருவரா, இருவரா?

27ஆம் பத்தியின் அடியில், 33ஆம் அதிகாரம் முடியும் இடத்தில் மூன்று வரி அளவுக்கு வெற்றிடம் இருக்கிறது. அங்கே எழுதுபவர் மாறினாரா என்பது நெடுநாள் சர்ச்சை, கண்ணுக்கு இரு பாதியும் ஒரே கையாகத்தான் தெரியும். நெதர்லாந்தின் குரோனிங்கன் பல்கலைக்கழகத்தில் ம்லாடன் போபோவிச், மரூஃப் தாலி, லாம்பர்ட் ஸ்கோமேக்கர் மூவரும் சுருளில் 5,000க்கும் மேல் வரும் அலெஃப் என்ற எழுத்தைக் கணினி கொண்டு அளந்து, 2021இல் முடிவை வெளியிட்டார்கள்: இரண்டு பேர், ஒரே பாணியில் பழகியவர்கள். இரண்டாமவர் முதலாமவர் கையைப் போலவே எழுதியிருக்கிறார்.

இந்த இடைவெளியை வைத்து நூலே இரண்டாகப் பிரிந்திருந்தது என்று சொல்ல ஆசைப்படுபவர்கள் உண்டு. எதிர்ப்பக்கம் இன்னொரு வாதம் வைக்கிறது. 40ஆம் அதிகாரத்திலிருந்து வேறொருவர் எழுதியது, யூதர்கள் பாபிலோனுக்கு நாடு கடத்தப்பட்டிருந்த கி.மு. 6ஆம் நூற்றாண்டு பாபிலோனியச் சிறையிருப்புக் காலத்தது என்பது இன்றைய ஆய்வாளர்களில் பெரும்பாலோர் கருத்து. ஆனால் பெருஞ்சுருளில் 40ஆம் அதிகாரம் 32ஆம் பத்தியின் கடைசி வரியில் எந்தப் பெரிய இடைவெளியும் இல்லாமல் தொடங்குகிறது, ஆகவே நூல் முழுதும் ஒருவரே எழுதியது என்கிறார்கள். இரண்டு வாதமும் நிற்காது. சுருள் எழுதப்பட்டபோது சிறையிருப்பு முடிந்து நானூறு வருடம் ஓடிவிட்டது. அதற்குள் நூல் ஒரே நூலாகிவிட்டது என்பதை மட்டும்தான் அந்தக் கடைசி வரி காட்டுகிறது. எத்தனை பேர் எழுதினார்கள் என்று பின்னால் படியெடுத்தவருக்கு எப்படித் தெரியும்?

நான்காம் குகையின் எரேமியா

கும்ரானில் மட்டும் ஏசாயாவின் 21 பிரதிகளின் எச்சங்கள் கிடைத்திருக்கின்றன. ஒன்றுக்கொன்று சில்லறை வேறுபாடு உண்டு, ஆனால் எல்லாமே ஒரே நூலின் பிரதிகள். இதை வைத்து வேதாகமம் முழுவதும் இப்படித்தான் என்று பொதுப்படையாகச் சொல்லிவிட்டால் அங்கேதான் தவறு. ஏசாயா நல்ல பிள்ளை. எரேமியா அப்படி இல்லை.

கிரேக்க எரேமியா எபிரேயத்தைவிட ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கு சிறியது. அதிகார வரிசையும் வேறு. எபிரேயத்தில் கடைசியில் 46 முதல் 51 வரை வரும் அந்நிய நாடுகளைப் பற்றிய தீர்க்கதரிசனங்கள் கிரேக்கத்தில் நூலின் நடுவில், 25ஆம் அதிகாரத்தில் நுழைந்திருக்கும். மொழிபெயர்ப்பாளர் வெட்டிச் சுருக்கினார் என்று வெகுகாலம் பழி அவர் தலையில் இருந்தது. நான்காம் குகையில் கிடைத்த ஒரு துண்டு அந்தப் பழியைத் துடைத்தது. அது எபிரேயத்தில் எழுதப்பட்டது, 10ஆம் அதிகாரத்தில் 6 முதல் 8 வரையும் 10ஆம் வசனமும் இல்லை, கிரேக்கத்தில் இருப்பதைப் போலவே. அதே குகையில் நீண்ட வடிவத்தின் துண்டுகளும் இருந்தன. ஆக, எரேமியா நூலுக்கு எபிரேயத்திலேயே இரண்டு பதிப்புகள் இருந்தன, இரண்டும் ஒரே குகையில் அக்கம்பக்கமாகக் கிடந்தன.

இங்கே கண் தாவல் என்று சொல்லித் தப்பிக்க முடியாது. யாரோ ஒருவர் நூலை விரித்து, வரிசை மாற்றி, மறுபதிப்புச் செய்திருக்கிறார். பெரும்பாலான ஆய்வாளர்கள் குறும்பதிப்பே முந்தியது என்கிறார்கள். 'மூலம்' என்று எதைச் சொல்வது என்ற கேள்வி இங்கே உண்மையிலேயே சிக்கலாகிறது.

சாமுவேல் நூலிலும் சுவையான சங்கதிகள் உண்டு. கோலியாத்தின் உயரம் மசோரெத்தியத்தில் ஆறு முழமும் ஒரு சாணும், ஏறத்தாழ மூன்று மீட்டர். நான்காம் குகைப் பிரதியிலும், கிரேக்கத்திலும், கி.பி. 1ஆம் நூற்றாண்டு யூதரான யோசேப்பஸ் எழுதிய யூத வரலாற்றிலும் நாலு முழமும் ஒரு சாணும். அதாவது இரண்டு மீட்டர், உயரமான ஆள்தான், ஆனால் அரக்கன் இல்லை. அதே பிரதியில் அம்மோன் அரசன் நாகாஸ் வலது கண்களைப் பிடுங்கியதையும், 7,000 பேர் தப்பி ஓடியதையும் சொல்லும் ஒரு பத்தி முழுதாக இருக்கிறது. மசோரெத்தியத்தில் அது இல்லை, யோசேப்பஸுக்குத் தெரிந்திருக்கிறது. 1989இல் வந்த ஓர் ஆங்கில மொழிபெயர்ப்பு அதை அடிக்குறிப்பில் வைக்காமல் பாடத்துக்குள்ளேயே சேர்த்துவிட்டது.

எப்போது உறைந்தது?

அப்புறம் எப்படி எல்லோர் கையிலும் ஒரே பாடம் வந்தது? கி.பி. 73 வாக்கில் ரோமரிடம் வீழ்ந்த மசாதா கோட்டையில் கிடைத்த வேதநூல் துண்டுகள் மசோரெத்தியத்தோடு மிக நெருக்கமாகப் போகின்றன. ரோமருக்கு எதிராக நடந்த கி.பி. 132–135 பர் கோக்பா கிளர்ச்சிக் காலத்தவர் ஒளிந்திருந்த முரப்பாத் குகைகளின் பிரதிகளும் அப்படியே. கும்ரானில் இருந்த பன்மை இங்கே இல்லை. கி.பி. 70இல் எருசலேம் ஆலயம் இடிந்த பிறகு யூத சமூகத்தில் ஒரு பிரிவின் மரபே தழைத்தது, அவர்கள் கையில் இருந்த பாடமே நிலைபெற்றது என்பது எமானுவேல் தோவ் போன்ற பாட ஆய்வாளர்கள் தரும் விளக்கம். பல பாடங்களை ஒப்பிட்டு நல்லதைத் தேர்ந்தெடுத்ததாக நினைக்கத் தேவையில்லை. மற்றவற்றை வைத்திருந்தவர்கள் மறைந்தார்கள்.

உறைந்த பிறகு காத்ததுதான் அதிசயம், இங்கே எனக்குத் தயக்கமே இல்லை. சாக்கடலின் மேற்குக் கரையில் உள்ள என்கேதி என்ற ஊரில் ஒரு யூதத் தொழுகைக்கூடம் கி.பி. 600 வாக்கில் எரிந்தது. வேதச் சுருள் வைக்கும் பேழைக்குள் இருந்த சுருள் கரிக்கட்டியானது. 1970இல் தோண்டியெடுத்தார்கள், தொட்டால் உதிரும் நிலை. 45 வருடம் அப்படியே கிடந்தது. கென்டகி பல்கலைக்கழகத்தின் பிரென்ட் சீல்ஸ் குழு நுண் சிடி ஸ்கேன் எடுத்து, கணினிக்குள்ளேயே அடுக்கடுக்காகப் பிரித்து விரித்து, 2015–16இல் வாசித்தது. லேவியராகமத்தின் தொடக்க அதிகாரங்கள். கார்பன் சோதனைப்படி கி.பி. 3 அல்லது 4ஆம் நூற்றாண்டு. மெய்யெழுத்துகள் இன்றைய மசோரெத்தியப் பாடத்தோடு ஒன்றுக்கொன்று பொருந்தின.

நூற்றாண்டுக்கணக்கில் மாறாமல் வந்தது என்று காட்ட விரும்புபவர்கள் பெருஞ்சுருளை விட்டுவிட்டு இந்தக் கரிக்கட்டியைத்தான் காட்ட வேண்டும். கி.பி. 7 முதல் 10ஆம் நூற்றாண்டு வரை திபேரியாவில் வேலை செய்த மசோரெத்தியர்கள் ஓரங்களில் எழுதிய குறிப்புகளைப் பார்த்தால் இந்தத் துல்லியம் எப்படி வந்தது என்று புரியும். இந்தச் சொல் இந்த வடிவில் இத்தனை முறைதான் வரும், இங்கே எழுத்துப்படி இப்படி ஆனால் வாசிக்கும்போது அப்படி என்று வரிக்கு வரி கணக்கு வைத்தார்கள். பிழை என்று தோன்றியதைக்கூடத் திருத்தாமல் ஓரத்தில் மட்டும் சொன்னார்கள். 21ஆம் அதிகாரத்துச் சிங்கம் இந்த நேர்மையால்தான் அத்தனை நூற்றாண்டு உயிரோடு இருந்தது.

சுருள் பேசாத இடம்

இதுவரை பார்த்ததெல்லாம் படியெடுத்தவர்களின் நம்பகம். எழுதியது உண்மையா என்பது வேறு வழக்கு. கி.மு. 8ஆம் நூற்றாண்டுக்கும் பெருஞ்சுருளுக்கும் நடுவே அறுநூறு வருடம் இருக்கிறது, அந்தக் காலத்து ஏசாயா பிரதி ஒன்றுகூட நம்மிடம் இல்லை. இருந்தாலும் ஒரு பொய்யைப் பிழையில்லாமல் படியெடுக்க முடியும், ஓர் உண்மையைப் பிழையோடும் படியெடுக்க முடியும்.

அதற்கு வேறு சாட்சிகளைக் கூப்பிட வேண்டும். ஏசாயா 36, 37 அதிகாரங்கள் அசீரிய அரசன் சனகெரிப் கி.மு. 701இல் யூதாமேல் படையெடுத்ததைச் சொல்கின்றன. அதே கதை 2 இராஜாக்கள் நூலிலும் ஏறத்தாழ அதே சொற்களில் இருக்கிறது. சனகெரிப் தானே பொறித்துவைத்த களிமண் பட்டகமும் கிடைத்திருக்கிறது, பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் ஒரு பிரதியைப் பார்க்கலாம். அரண் சூழ்ந்த 46 நகரங்களைப் பிடித்தேன், யூதாவின் அரசன் எசேக்கியாவைக் கூண்டுப் பறவையைப் போல் எருசலேமில் அடைத்தேன் என்கிறான் அவன். எருசலேமைப் பிடித்தேன் என்று மட்டும் சொல்லவில்லை. நகரம் விழவில்லை என்பதில் இரு தரப்பும் ஒத்துப்போகின்றன.

ஏன் விழவில்லை என்பதில் ஒத்துப்போகவில்லை. வேதாகமம் கர்த்தரின் தூதன் அசீரியப் படையை அழித்ததாகச் சொல்கிறது, பட்டகம் எசேக்கியா கப்பம் கட்டியதாகச் சொல்கிறது. கப்பம் கட்டியதை 2 இராஜாக்கள் ஒப்புக்கொள்கிறது: 30 தாலந்து (அந்தக் கால எடை அளவு) பொன், 300 தாலந்து வெள்ளி. பட்டகத்தில் பொன் அதே 30, வெள்ளி 800. ஏசாயா நூல் கப்பத்தைப் பற்றி வாயே திறக்கவில்லை. 2 இராஜாக்களில் கப்பம் வரும் மூன்று வசனங்கள் ஏசாயாவில் மசோரெத்தியத்திலும் இல்லை, பெருஞ்சுருளிலும் இல்லை. அந்த மூன்று வசனங்கள் ஏன் இல்லை, வெள்ளி 300 தாலந்தா, 800 தாலந்தா என்று தோலையும் மையையும் எவ்வளவு நுணுக்கமாக ஆராய்ந்தாலும் பெருஞ்சுருளிடமிருந்து பதில் வராது.